தொண்ணூற்றாறு மரபணுக்களும் நான் தொடாத ஒரு பெட்டியும்

12 செப்டம்பர் 2006, செவ்வாய்

ஒரு சின்னத் தவறு செய்திருக்கிறேன். மென்பொருளின் திரையில் நான்கு பெட்டிகள் இருந்தன. மூன்றை நிரப்பினேன். நான்காவதைத் தொடவில்லை. அதில் ஏற்கெனவே ஏதோ எழுதியிருந்தது. ஏற்கெனவே எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு வரவில்லை, நல்லுசாமி சாருக்கு வந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு மாடியில் அவர் கணினி மையம் நடத்துகிறார். பகலில் தட்டச்சும் டேலி கணக்கு வகுப்பும். மாலை ஆறு முதல் எட்டு வரை பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்கிற உயிர்த்தகவலியல் பட்டய வகுப்பு. அதில் பதினோரு பேர் படிக்கிறோம். மையத்துக்கு ஐந்து வயது ஆவதால் ஒரு மலர் போடுகிறார்.

"நீதான் தெனமும் நோட்டுல என்னத்தையோ எழுதிக்கிட்டே இருக்கியேம்மா. அதையே கொஞ்சம் கதை மாதிரி எழுதிக் குடுத்துரு. நம்ம பிள்ளைக செடியோட ரகசியத்தக் கண்டுபிடிச்ச கதை. ரெண்டு பக்கம் போதும். வியாழக்கிழம பிரஸ்ஸுக்குப் போகுது."

நம்ம பிள்ளைகள் என்று அவர் சொன்னது இரண்டு பேரை. ஒருவர் விக்னேஷ்குமார், ஒட்டன்சத்திரத்திலிருந்து தினமும் வருகிறவர். இன்னொருத்தி நான், பானுப்ரியா. வயது இருபத்திரண்டு. தாவரவியல் படித்தேன். பகலில் தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு விதைக் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் முளைத்த விதைகளை எண்ணுகிறேன்.

[ரெண்டு பக்கம் என்றார். இது இப்போதே தாண்டிவிடும் போலிருக்கிறது.]

2

முதல் தொடக்கம்: "தறிச் சத்தம் ஓயாத சின்னாளப்பட்டியில், ஓர் ஏழை நெசவாளியின் மகளாக—"

அடித்துவிட்டேன். என் ஊர் சின்னாளப்பட்டிதான். ஆனால் என் அப்பா மினி பஸ் கண்டக்டர். இதைச் சொன்னபோது நல்லுசாமி சார் முகம் சுளித்தார். "சின்னாளப்பட்டின்னா சுங்குடிச் சேலைதானம்மா. படிக்கிறவனுக்கு அதான் மனசுல ஒட்டும்."

இரண்டாம் தொடக்கம்: "மழை பொய்த்த மண்ணில் பிறந்த அவளுக்குச் செடிகளின் தாகம் புரிந்ததில்—"

இதையும் அடித்தேன். போன வருடம் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் தொடக்கம்: "திரையில் அந்த எண்ணைக் கண்டதும் அவள் கண்கள்—"

என் கண்கள் என்ன செய்தன? யோசித்துப் பார்த்தேன். கரண்ட் போய் யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் சேமித்துவிட வேண்டுமே என்று மவுஸைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்கள் வேறொன்றும் செய்யவில்லை.

ஆகையால் இந்தக் கதைக்குத் தொடக்கம் இல்லை. மேலே உள்ள நாட்குறிப்பை வைத்துச் சமாளித்துக்கொள்ளுங்கள்.

3

இங்கே கதையை நிறுத்தி, அந்த மென்பொருள் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் தவறு உங்களுக்கு மலையாகத் தெரியும், இல்லையென்றால் தெரியவே தெரியாது. இரண்டாலும் எனக்கு நஷ்டம்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் மேல் இலைப் பூஞ்சையைத் தூவினார்கள். பூஞ்சை தாக்கியதும் செடியில் எந்தெந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாகின்றன என்று சிப் ஒன்றில் அளந்தார்கள். அளவுகளை இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து தொண்ணூற்றாறு மரபணுக்கள் தேறின.

தொண்ணூற்றாறு பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெறும் எழுத்தும் எண்ணுமான பெயர்கள். அப்போதுதான் மென்பொருள் வருகிறது. ஒவ்வொரு மரபணுவும் என்ன வேலை செய்கிறது என்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எழுதிவைத்த குறிப்புகள் அதற்குத் தெரியும். உங்கள் பட்டியலைக் கொடுத்தால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும். 'ஒளியை உணர்வது', 'சுவர் கட்டுவது', 'தண்ணீர்ப் பஞ்சத்தைச் சமாளிப்பது' என்றெல்லாம் சீட்டுகள் உண்டு. எந்தச் சீட்டு அளவுக்கு மீறிக் கூடியிருக்கிறதோ, அதுதான் இந்தக் கூட்டத்தின் வேலை என்று சொல்லும்.

அளவுக்கு மீறி என்றால் எந்த அளவுக்கு? கண்ணை மூடிக்கொண்டு ஒரு பானைக்குள் கைவிட்டுத் தொண்ணூற்றாறை எடுத்திருந்தால் எத்தனை வந்திருக்குமோ, அந்த அளவுக்கு. எந்தப் பானை என்று கேட்பதுதான் நான்காவது பெட்டி. பேக்ரவுண்ட் என்பார்கள். நான் பின்புலம் என்று எழுதுகிறேன்.

எங்கள் பட்டியலில் தண்ணீர்ப் பஞ்சச் சீட்டு முப்பத்தொன்று இருந்தது. தற்செயலாக வந்திருந்தால் இரண்டுதான் இருக்க வேண்டும் என்றது மென்பொருள். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று! இரண்டு எண்களையும் வைத்து ஒரு வரைபடம் போட்டோம். விக்னேஷ்தான் அதை வாக்கியமாக்கினார்: "பூஞ்சை தாக்கிய செடி, தான் தாகத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது."

நல்ல வாக்கியம். இப்போதும் நல்ல வாக்கியம்தான். அதுதான் கஷ்டம்.

4

எங்கள் சோதனைக் கூடத்தில் ஈரத்தாளின் மேல் நூறு விதை வைப்போம். எண்ணும் நாளில் எத்தனை முளைத்திருக்கிறதோ அதுதான் முளைப்புத்திறன். என்னோடு வேலை செய்யும் பெருமாயி அக்கா, வைப்பதற்கு முன்னாலேயே சுருங்கிய விதைகளைப் பொறுக்கி எறிந்துவிடும். நான் பார்த்துவிட்டால் சண்டைதான். திங்கட்கிழமையும் சண்டை.

"இது மொளைக்காதுன்னு பாத்தாலே தெரியுது. இதையும் எதுக்குடி வச்சு அழுவணும்?"

"மொளைக்காததும் அந்த நூறுல ஒன்னுதான்க்கா. நல்லதா பொறுக்கி நூறு வச்சா நூறும் மொளைக்கும். அதுல என்ன இருக்கு?"

"ஒன்னயக் கட்டிக்கிட்டு வாரவன் பாவம்டி. சோத்துல கல்லு கெடந்தா அதையும் எண்ணிச் சொல்லுவ."

(இந்த இடத்தில் என் மூளைக்குள் விளக்கு எரிந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். எரியவில்லை. பெருமாயி அக்காவோடு பேச்சு முறித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டேன். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அது கொண்டுவந்த வெஞ்சனத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை.)

அன்று மாலை அறிக்கையில் 'செய்முறை' என்ற பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். வகுப்பில் யாரும் எழுத விரும்பாத பக்கம் அது. எனக்குப் பிடிக்கும். அந்த சிப்பில் மொத்தம் எத்தனை மரபணுக்கள் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. மூலக் கட்டுரையின் பொடி எழுத்தைத் தேடிப் படித்தேன். செடியின் இருபத்தேழாயிரம் மரபணுக்களும் அதில் இல்லை. ஆயிரத்து இருநூற்று நான்குதான். அந்த ஆயிரத்துச் சொச்சத்தையும் முன்பு வேறொரு வேலைக்காக, தண்ணீர் ஊற்றாமல் வாடவிட்ட செடிகளிலிருந்து சேகரித்திருந்தார்கள். கையில் இருந்த சிப் என்பதால் பூஞ்சைக்கும் அதையே பயன்படுத்திவிட்டார்கள்.

நான் தொடாத பெட்டியில் 'முழு மரபணுத் தொகுதி' என்று இருந்தது.

அதாவது, பானை நிறையத் தாகத்தைப் போட்டுவைத்திருக்கிறார்கள். அதில் கைவிட்டுத் தாகத்தை எடுத்துவிட்டு, நாங்கள் வேறொரு பானையைக் காட்டி ஆச்சரியப்பட்டிருக்கிறோம்.

5

செவ்வாய் மாலை நான்காவது பெட்டியில் அந்த ஆயிரத்து இருநூற்று நான்கு பெயர்களையும் ஏற்றினேன். விக்னேஷ் பக்கத்து நாற்காலியில் இருந்தார். முடிவு வந்தது. தற்செயலாக வர வேண்டியது முப்பது. வந்திருப்பது முப்பத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நூற்றுக்கு நாற்பத்தைந்து தடவை இவ்வளவு வந்துவிடும். 0.45 என்று போட்டிருந்தது.

"நெட்டு விட்டு விட்டு வருதுங்க. பாதிதான் ஏறியிருக்கும். மறுக்கா போடுங்க பானு."

மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை அவரே போட்டார்.

"அப்ப தாகம்?"

"இல்ல."

"கொஞ்சங்கூட இல்லீங்களா?"

"எதை எடுத்தாலும் வர்ற அளவுக்கு இருக்கு."

அவர் எழுந்துவிட்டார். "வெள்ளிக்கிழம கோயமுத்தூர்ல இண்டர்வியூங்க. படத்த அனுப்பிச்சாச்சு. என்னையக் கூப்பிட்டதே அந்தப் படத்தப் பாத்துத்தான்."

"தெரியும்."

"எங்கப்பா என்ன சொல்லியிருக்காருன்னும் தெரியுமல்ல? ஆய்வு உதவியாளர் வேலைக்கு இது நாலாவது தடவை. இந்த வாட்டியும் இல்லீன்னா திங்கக்கெழமையிலருந்து மண்டியில ஒக்காந்து வெங்காயத்துக்கு ஏலங் கூவோணும்."

"தெரியும் விக்னேஷ்."

"எல்லாந் தெரியுது. அந்தப் பொட்டி ஒன்னு மட்டும் தெரியலீங்களா?"

வகுப்பில் மற்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்கு நீங்க இதைப் பாக்கலன்னு வச்சுக்குங்க. சனிக்கிழம பாத்துக்கலாம்" என்றார்.

6

புதன்கிழமை. மேலே உள்ள ஐந்தாவது பகுதியைப் படித்துப் பார்த்தபோது விக்னேஷ்மேல் சந்தேகம் வந்தது. அவர்மேல் அல்ல, நான் எழுதிய அவர்மேல். கதையில் ஒரு கெட்டவர் வேண்டும் என்று கை தானாகவே அவரை அப்படிச் செய்துவிட்டதோ? அதனால் நோட்டை அவரிடமே கொடுத்தேன். அரை மணி நேரம் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருந்தன. அழிக்காமல் அப்படியே தருகிறேன்.

[நான் கத்தவில்லை. — வி.]

[அம்மணி, கத்தினதாக நீங்கள் எழுதவேயில்லை, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். மன்னிக்கவும். — வி.]

[பொட்டி தெரியலீங்களா என்று கேட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் கீழே போய் உங்களுக்கு டீ வாங்கிவந்தேன். அதை விட்டுவிட்டீர்கள். — வி.]

டீ வாங்கிவந்தது உண்மை. விட்டதும் உண்மை. ஒரு மாலை முழுவதும் ஒரு மனிதர் செய்த நூறு காரியங்களிலிருந்து ஏழெட்டைப் பொறுக்கி வைத்து, 'சுயநலம்' என்று சீட்டு ஒட்டிவிட்டேன். பெருமாயி அக்காவிடம் சண்டை போட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசிக் குறிப்பு பக்கத்தின் அடியில் பொடியாக இருந்தது.

[முதல் தடவை போட்ட அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டியை நானும் பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். — வி.]

எழுதிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எந்தப் படத்தைக் கொண்டுபோவார் என்று அவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

7

"முடிஞ்சுதாம்மா?" என்று நல்லுசாமி சார் கேட்டார். மேசைமேல் சிவப்பு மையில் அச்சடித்த நோட்டீஸ் கட்டு இருந்தது. 'நோயுற்ற செடியின் தாகம்! திண்டுக்கல் மாணவர்கள் சாதனை! புதிய சேர்க்கை நடைபெறுகிறது.'

"சார், அந்த முடிவு தப்பு. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

சொன்னேன். பானையில் ஆரம்பித்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், அதை மறைக்கக் கூடாது.

"கம்ப்யூட்டர்தானம்மா சொல்லுச்சு? நீயா எழுதல, நானா எழுதல."

"நான் தப்பாக் கேட்டேன். கேட்டதுக்கு அது சரியாத்தான் சொல்லுச்சு."

"நல்லா இருக்கே. ஏம்மா, நாகல் நகர்ல மாடியேறி வந்து எவன் ஒங்கிட்ட பின்புலம் என்னான்னு கேக்கப் போறான்? இது என்ன அமெரிக்காவா? திண்டுக்கல்லும்மா."

கோபம் எனக்குச் சீக்கிரம் வராது. வந்தாலும் அது சரியான கோபம்தானா என்று இரண்டு நாள் யோசிப்பேன். இந்தக் கோபத்தை யோசிக்கவில்லை. திண்டுக்கல் என்பதால் எங்களுக்குச் சின்னக் கணினி, விட்டு விட்டு வரும் இணையம், இரண்டு மணி நேர வகுப்பு. சரி, அதெல்லாம் பொறுத்துக்கொண்டோம். திண்டுக்கல் என்பதால் சின்ன உண்மை போதும் என்றால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. 0.45 அமெரிக்காவிலும் 0.45, நாகல் நகரிலும் 0.45. இந்த மாடியில் எங்களுக்குச் சமமாகக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். அதையும் குறைத்து வாங்கிக்கொள் என்கிறார்கள்.

"நான் கேக்குறேன் சார்" என்றேன்.

"என்னது?"

"எவன் கேக்கப் போறான்னீங்கள்ல. நான் கேக்குறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நோட்டீஸ் கட்டைப் பார்த்தார். "ஒன்னுமே கண்டுபிடிக்கலன்னு மலர்ல போட்டா எவன்மா சேருவான்?"

"போடுறதுன்னா இதைப் போடுங்க. இல்லாட்டி என் பக்கத்தை வெள்ளையா விட்டுருங்க. நெசவாளி மகள் கதை என்கிட்ட இல்ல."

"அம்மாடி, இம்புட்டு வாயா ஒனக்கு?" என்றார். எனக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

8

இனி முடிவு. நல்ல கதையில் ஒன்று இருக்க வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

அ. விக்னேஷ் பழைய படத்தையே கொண்டுபோகிறார். வேலை கிடைக்கிறது. இரண்டு வருடம் கழித்து அங்கே யாரோ ஒருவர் நான்காவது பெட்டியைப் பற்றிக் கேட்கிறார், அப்போது அவர் முகம்—

(நிறுத்திவிட்டேன். அவரைத் தண்டிப்பதற்காகவே எழுதிய முடிவு. யாரும் கேட்காமலே காலம் போய்விடவும் கூடும். அப்படிப் போய்விட்ட படங்கள் எத்தனை இருக்கும்?)

ஆ. புதிய படத்தைக் கொண்டுபோகிறார். தவறை ஒப்புக்கொள்கிறார். தேர்வுக் குழுவில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'இந்த நேர்மைதான் எங்களுக்கு வேண்டும்' என்கிறார்.

(நல்லுசாமி சாருக்கு இது பிடிக்கும். நோட்டீஸில் அடிக்கலாம். அதனாலேயே வேண்டாம். நேர்மைக்குச் சம்பளம் கிடைக்கும் என்று ஆசை காட்டிவிட்டு ஒருவரை நேர்மையாக இரு என்பது, நல்ல விதையாகப் பொறுக்கி வைத்துவிட்டு முளைத்ததை எண்ணுவதுதான்.)

இ. புதிய படத்தைக் கொண்டுபோகிறார். குழுவுக்கு அதில் ஒன்றும் இல்லை. 'அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.' திங்கட்கிழமை வெங்காயம்.

(இதை அடித்துவிட முடியவில்லை. ஏனென்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். இதற்குக் காரணம் என் கை தொடாத பெட்டி.)

மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் விக்னேஷ் என்ன செய்வார் என்று நான் முடிவு செய்கிறேன். அவர் என் கையில் இல்லை. என் கையில் இருப்பது என் தவறு மட்டும். அந்தப் படத்தைச் செய்தவர்கள் என்ற இடத்தில் என் பெயரும் இருக்கிறது. அது தப்பு என்று தெரிந்த பிறகும், என் பெயரோடு அதை ஒரு மேசையில் கிடக்கவிட மாட்டேன்.

இதை அவரிடம் இன்று மாலை நேராகச் சொன்னேன். "நாளைக்குக் காலைல கோயமுத்தூருக்கு ஃபேக்ஸ் அனுப்பப் போறேன் விக்னேஷ். படம் தப்பு, தப்பு என்னுதுன்னு."

"நான் வேண்டாமின்னா?"

"அப்பவும் அனுப்புவேன்."

"அப்ப எதுக்குங்க எங்கிட்டச் சொல்றீங்க?"

"ஒளிச்சு அனுப்பக் கூடாதுல்ல."

"பிடிவாதமுங்க உங்களுக்கு" என்றார். பையை எடுத்துக்கொண்டு, "எந்தக் கடையில? எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் தலையாட்டியது சரி என்பதற்கா, தெரிந்துகொண்டேன் என்பதற்கா என்று எனக்குப் புரியவில்லை. ஒட்டன்சத்திரம் பஸ் வந்துவிட்டது.

9

இது நேர்மையா, வெறும் பிடிவாதமா? இன்னொருவர் பிழைப்பின்மேல் நின்றுகொண்டு நான் நல்லவளாகிறேனா? தெரியவில்லை. தெரியாமலேயே அனுப்பப்போகிறேன்.

எங்கள் பட்டியலில் பதினான்கு மரபணுக்களுக்கு எந்தச் சீட்டும் கிடையாது. 'செயல்பாடு அறியப்படவில்லை' என்று மட்டும் இருக்கும். அறிக்கையில் அவற்றை யாரும் குறிப்பிடுவதில்லை, நாங்களும் குறிப்பிடவில்லை. ஆனால் பூஞ்சை விழுந்தபோது அவையும் மற்றவற்றைப் போலவே எழுந்தன. பெயர் வைக்க ஆள் வரும்வரை அவை சும்மா இருக்கவில்லை.

இதைப் படித்து முடிக்கிறவர் எங்களுக்கு ஒரு சீட்டு ஒட்டத்தான் போகிறீர்கள். சின்ன ஊர்ப் பெண்ணின் துணிச்சல் என்றோ, தோற்றவளின் வீம்பு என்றோ, ஒட்டன்சத்திரத்துக்காரரின் பரிதாபம் என்றோ. ஒட்டுங்கள், நான் தடுக்க முடியாது. ஆனால் எந்தப் பானையோடு ஒப்பிட்டு ஒட்டினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்குள் நல்லுசாமி சாரின் மலர் அச்சாகியிருக்கும், இந்தப் பக்கங்கள் அதில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

13 செப்டம்பர் 2006, புதன்

நாளை செய்ய வேண்டியது: பெருமாயி அக்காவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரம் அனுமதி. காலை பத்தரை மணி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் உள்ள எஸ்.டி.டி. பூத். இரண்டு பக்கம் ஃபேக்ஸ்: ஒன்று கடிதம், ஒன்று திருத்திய படம். கடிதத்தின் கீழே என் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட வேண்டும். பத்து நாற்பது வரை காத்திருந்துவிட்டு அனுப்ப வேண்டும்.